ஐஇஎல்டிஎஸ் ரீடிங்கில் மார்க் ஏறவில்லையா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

"ரீடிங் 6-லேயே நிக்குது, வொகாபுலரி வீக், எந்த வேர்டு லிஸ்ட் வாங்கலாம்?" மாக் டெஸ்ட் தாளோடு என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். தாளைத் திருத்திப் பார்த்தால் பலருக்குக் கோளாறு சொல்லில் இருக்காது. ஆகவே பட்டியல் வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். உங்கள் அறிகுறியைக் கீழே தேடி, அங்கே இருக்கும் வரிசையிலேயே சோதித்துக்கொண்டு வாருங்கள். காசும் நேரமும் குறைவாகப் பிடிக்கும் காரணம் முதலில் வரும், அதிகம் பிடிப்பது கடைசியில்.

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் ரீடிங் பகுதியின் அளவு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: 60 நிமிடம், 40 கேள்வி. அகாடமிக் என்றால் மூன்று நீள பாசேஜ், மூன்றும் சேர்ந்து 2,150 முதல் 2,750 சொற்கள். ஜெனரல் டிரெய்னிங் என்றால் விளம்பரம், அறிவிப்பு, வேலை தொடர்பான சிறு துண்டுகள், கடைசியில் ஒரு நீள பாசேஜ். தப்பான விடைக்கு மார்க் குறைப்பதில்லை. எனவே எந்தக் கட்டத்தையும் காலியாக விட வேண்டாம்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இந்தச் சோதனை

இதுவரை பார்க்காத ஒரு அதிகாரபூர்வ மாதிரித் தாளை 60 நிமிடத்தில் போடுங்கள். நேரம் முடிந்ததும் விடையைப் பார்க்காதீர்கள். வேறு நிறப் பேனா எடுத்து, கடிகாரம் இல்லாமல், அகராதியும் இல்லாமல், அதே தாளை மறுபடி முழுசாகப் போடுங்கள். இப்போது கையில் இரண்டு மார்க் இருக்கும்.

முதலில் 23, இரண்டாவதில் 33 என்று வந்தால் உங்களுக்குப் புரிகிறது, நேரம்தான் இடிக்கிறது. அறிகுறி 1-க்குப் போங்கள்.

இரண்டும் 23, 25 என்று பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் நேரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. அறிகுறி 5, அல்லது 6.

மொத்தம் பரவாயில்லை, குறிப்பிட்ட ஒரு கேள்வி வகையில் மட்டும் கொத்தாகப் போகிறது என்றால் அறிகுறி 2, 3, 4.

மார்க்கை பேண்டாக, அதாவது 9 வரை போகும் தர எண்ணாக, மாற்றும்போது ஒரு விஷயம் கவனியுங்கள். அகாடமிக்கில் ஏறக்குறைய 23 சரியென்றால் 6, 30 என்றால் 7, 35 என்றால் 8. ஜெனரல் டிரெய்னிங்கில் அதே 30-க்கு 6-தான், 7-க்கு 34 வேண்டும். தாளுக்குத் தாள் ஒன்றிரண்டு மாறலாம். கனடாவுக்கு ஜெனரல் டிரெய்னிங் எழுதப் போகிறவர் அகாடமிக் அட்டவணையைப் பார்த்து நிம்மதியாக இருப்பதும், பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய அகாடமிக் ரீடிங்கில் 7 தேவைப்படுகிறவர் ஜெனரல் தாள் போட்டுப் பழகுவதும் அடிக்கடி நடக்கிறது.

## அறிகுறி 1: மூன்றாவது பாசேஜைத் தொடவே நேரம் இல்லை

விடையைக் கடைசியில் மாற்றி எழுதுகிறீர்களா? லிசனிங்கைத் தாளில் எழுதும்போது விடையை மாற்றி எழுத 10 நிமிடம் தனியாகக் கிடைக்கும். ரீடிங்கில் அது கிடையாது. கேள்வித்தாளில் குறித்து வைத்துக் கடைசியில் மாற்றுகிறவர் ஐந்தாறு நிமிடத்தை வீணாக விடுகிறார். விடை கிடைத்ததும் விடைத்தாளிலேயே எழுதிவிடுங்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

நேரத்தைச் சமமாகப் பிரிக்கிறீர்களா? பாசேஜுகள் போகப் போகக் கடினமாகும். 20, 20, 20 என்பதை விட 16, 20, 24 பலருக்கு ஒத்துவருகிறது. நேரம் முடிந்தால் பாதியில் நின்றாலும் அடுத்த பாசேஜுக்குப் போயே ஆக வேண்டும்.

ஒரே கேள்வியில் மாட்டிக்கொள்கிறீர்களா? சோதனை எளிது: பயிற்சியின்போது ஒவ்வொரு விடைக்குப் பக்கத்திலும் எழுதிய நிமிடத்தைக் குறியுங்கள். இரண்டு விடைகளுக்கு நடுவே நான்கு நிமிடம் காணாமல் போயிருந்தால் திருடன் அங்கேதான் இருக்கிறான். ஒன்றரை நிமிடத்தில் பிடிபடாவிட்டால் ஊகித்து எழுதி, ஒரு புள்ளி வைத்துவிட்டு நகருங்கள். எல்லாக் கேள்விக்கும் ஒரே மார்க்தான். கஷ்டமான கேள்விக்கு யாரும் கூடுதலாகத் தருவதில்லை.

பாசேஜை இரண்டு முறை படிக்கிறீர்களா? முதலில் முழுசாக நிதானமாகப் படித்துவிட்டு, கேள்வியைப் பார்த்ததும் மறுபடி முதலிலிருந்து படிப்பவர்கள் உண்டு. முதல் சுற்றில் ஒவ்வொரு பத்தியிலும் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும், அதற்கு இரண்டு மூன்று நிமிடம். பெயர், ஆண்டு, இடம் கண்ணில் பட்டால் மனத்தில் ஒரு குறி. அப்புறம் கேள்வி, அப்புறம் அதற்குரிய இடத்தில் மட்டும் நிதானமான வாசிப்பு.

இவை எல்லாம் சரி, ஆனாலும் மெதுவாகத்தான் போகிறது. 900 சொல் உள்ள பாசேஜை அதன் சாரம் புரியும்படி படிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். ஏழு நிமிடத்துக்கு மேல் என்றால் வாசிப்பு வேகமே குறைவு. பெரும்பாலும் ஒவ்வொரு வரியையும் மனத்துக்குள் தமிழாக்கிக்கொண்டே போவதுதான் காரணம். இதை மாக் டெஸ்ட் போட்டுச் சரிசெய்ய முடியாது. உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த அளவுக்குக் கீழே இருக்கும், சுலபமான, பிடித்த விஷயத்தைத் தினம் அரை மணி நேரம் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும். கிரிக்கெட்டோ சமையலோ எதுவானாலும் சரி, அகராதி தேடாமல் ஓட வேண்டும். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். அதற்குள் தேர்வுத் தேதி இருந்தால் மேலே சொன்ன நான்கையும் வைத்துத்தான் சமாளிக்க வேண்டும்.

## அறிகுறி 2: ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன் மட்டும் போய்விடுகிறது

நான் திருத்தும் தாள்களில் அதிகம் சிவப்பு விழும் இடம் இது. ஆனால் சீக்கிரம் சரியாகக்கூடியதும் இதுதான்.

கேட்ட சொல்லை எழுதினீர்களா? சில தாளில் ட்ரூ, ஃபால்ஸ். சில தாளில் யெஸ், நோ. முன்னது தகவலைப் பற்றியது, பின்னது எழுதியவரின் கருத்தைப் பற்றியது. மாற்றி எழுதிவிட்டு, "அர்த்தம் ஒண்ணுதானே" என்று வாதாட அங்கே ஆள் இருக்காது.

நாட் கிவனை, அதாவது பாசேஜ் சொல்லவே இல்லாததை, தேடி அலைகிறீர்களா? இந்த வகைக் கேள்விகள் பாசேஜில் வரும் வரிசையிலேயே வரும். 4-ஆம் கேள்விக்கும் 6-ஆம் கேள்விக்கும் இடம் கிடைத்துவிட்டால் 5 அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்க வேண்டும். அங்கே இல்லையென்றால் நாட் கிவன் எழுதிவிட்டு நகரலாம்.

ஃபால்ஸா, நாட் கிவனா என்ற குழப்பமா? விரல் சோதனை செய்யுங்கள். கேள்வி சொல்வதை மறுக்கும் வரி பாசேஜில் எங்கே என்று விரலை வைத்துக் காட்ட முடிந்தால் ஃபால்ஸ். ஒப்புக்கொள்ளும் வரியைக் காட்ட முடிந்தால் ட்ரூ. இரண்டுக்கும் விரல் வைக்க இடமில்லை என்றால் நாட் கிவன். "இப்படித்தான் இருக்கும்" என்று தோன்றுவது விரல் வைக்கும் இடம் ஆகாது.

ஒரு எடுத்துக்காட்டு. பாசேஜில் இப்படி ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: அந்தத் தீவில் தேனீ வளர்த்தவர்களில் பெரும்பாலோர் 1990-க்குப் பிறகு அத்தொழிலை விட்டார்கள். "பாதிக்கும் மேற்பட்டோர் 1990-க்குப் பின் விலகினர்" என்று கேட்டால் ட்ரூ. "அனைவரும் விலகினர்" என்றால் ஃபால்ஸ். "வருமானம் குறைந்ததால் விலகினர்" என்றால் நாட் கிவன். காரணத்தைப் பற்றிப் பாசேஜ் வாயே திறக்கவில்லை. மூன்றாவதில்தான் பலர் விழுகிறார்கள். வருமானம் குறைந்தால் விடத்தானே செய்வார்கள் என்று மனம் தானாகவே நிரப்பிக்கொள்கிறது.

ஒப்பீட்டையும் தனியாகக் கவனியுங்கள். பாசேஜில் இரண்டு ஊர்களைப் பற்றியும் எழுதியிருப்பார்கள். எது பெரியது என்று எழுதியிருக்க மாட்டார்கள். கேள்வி அதைத்தான் கேட்கும். ஆல், மோஸ்ட், சம், ஒன்லி, மெயின்லி போன்ற அளவுச் சொற்களையும் கேள்வியிலேயே வட்டமிட்டு விடுங்கள்.

தெரிந்த விஷயத்தில்தான் அதிகம் தப்பு வருகிறதா? உடல்நலம் பற்றிய பாசேஜில் நர்ஸுகள் மார்க் விடுவதைப் பார்த்திருக்கிறேன். வார்டில் தினமும் பார்ப்பது கண் முன்னால் நிற்கிறது, பாசேஜில் எழுதியிருப்பது மங்கிவிடுகிறது. உங்கள் துறைப் பாசேஜ் வந்தால் சந்தோஷப்படாமல் விரல் சோதனையை இன்னும் கறாராகச் செய்யுங்கள்.

இந்த வகையில் மட்டும் அறுபது எழுபது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் வரியைக் கோடிட்டுப் போட்டுப் பார்த்த பிறகும் பாதிக்கு மேல் தப்பு வந்தால், கோளாறு இந்த வகையில் இல்லை. அறிகுறி 6.

## அறிகுறி 3: பத்திக்குத் தலைப்புப் பொருத்தும் கேள்வி

ஒரு தலைப்பில் இருக்கும் சொல் அப்படியே பத்தியிலும் இருக்கிறதே என்று தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் அது வலை. முதல் வரியை மட்டும் படித்து முடிவு செய்வதும் அப்படித்தான். "இருந்தாலும்" என்று மூன்றாவது வரியில் பத்தி திரும்பிவிடும்.

சோதனை: தலைப்புகளைக் கையால் மறைத்துக்கொண்டு, பத்தி என்ன செய்கிறது என்று தமிழில் நாலைந்து சொல்லில் எழுதுங்கள். "பழைய முறை ஏன் தோற்றது", "இரண்டு ஆய்வாளர்களின் சண்டை" என்கிற மாதிரி. அப்புறம் கையை எடுத்து அதற்குப் பொருந்தும் தலைப்பைத் தேடுங்கள். எழுதவே வரவில்லை என்றால் இதுவும் அறிகுறி 6-தான்.

இந்தத் தகவல் எந்தப் பத்தியில் இருக்கிறது என்று கேட்கும் இன்னொரு வகை உண்டு. அது பாசேஜ் வரிசையில் வராது. ஒரே பத்தி இரண்டு முறைகூட விடையாகலாம். அந்தப் பாசேஜின் மற்ற கேள்விகளை முடித்துவிட்டு, பாசேஜ் பழகிய பிறகு கடைசியாக அதைத் தொடுங்கள்.

## அறிகுறி 4: விடை சரிதான், மார்க் மட்டும் வரவில்லை

கோடிட்ட இடம் நிரப்பும் கேள்விகள். இரண்டு சொல்லுக்கு மேல் கூடாது என்று போட்டிருந்தால் மூன்றாவது சொல் விடையையே கொன்றுவிடும், அது வெறும் ஆங்கில 'த' (the) ஆக இருந்தாலும். சிறு கோட்டால் இணைத்த சொல் ஒரே சொல்லாகக் கணக்கு. பாசேஜிலிருந்து எடுக்கச் சொன்னால் அதே உருவத்தில் எடுங்கள், ஒருமையைப் பன்மையாக்காதீர்கள். எழுத்துப்பிழை இருந்தால் அந்த விடைக்கு மார்க் கிடையாது, ஆனால் பிரிட்டிஷ், அமெரிக்க எழுத்துக்கூட்டல் இரண்டும் செல்லும். தாளில் எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் பெரிய எழுத்திலேயே எழுதலாம், கையெழுத்துத் தகராறு குறையும்.

இதற்கு ஆசிரியர் தேவையில்லை. கடைசி மூன்று நிமிடத்தை இதற்கென்று ஒதுக்குங்கள்.

## அறிகுறி 5: சொல் படிக்கிறேன், தங்கவே மாட்டேன் என்கிறது

முதலில், சொல்தான் பிரச்சினையா? பார்க்காத பாசேஜில் 300 சொல் உள்ள ஒரு பகுதியை எடுத்து, தெரியாத சொற்களுக்கு அடிக்கோடு போடுங்கள். ஊர்ப் பெயர், ஆள் பெயர், பாசேஜே விளக்கம் சொல்லும் துறைச்சொல் கணக்கில் வேண்டாம்.

ஆறு வரை என்றால் சொல் உங்களைத் தடுக்கவில்லை. இந்த அறிகுறியை விட்டு 6-க்குப் போங்கள். ஏழிலிருந்து பதினைந்து என்றால் கீழே உள்ளதைத் தொடருங்கள். பதினைந்தைத் தாண்டினால், அதாவது இருபது சொல்லுக்கு ஒன்றுக்கு மேல் தெரியவில்லை என்றால், நேராக இந்தப் பகுதியின் கடைசிக் காரணத்துக்கு.

தெரிந்த சொல்லே வேறு அர்த்தத்தில் வருகிறதா? அடிக்கோடு போடாத சொற்கள்தான் இங்கே ஆபத்து. 'நாவல்' என்று பார்த்ததும் கதைப் புத்தகம் என்று தோன்றும். ஆய்வுக் கட்டுரையில் அது 'புதுமையான'. 'அட்ரஸ்' என்றால் சிக்கலைக் கையில் எடுப்பது, 'சவுண்ட் எவிடன்ஸ்' என்றால் உறுதியான ஆதாரம், 'ப்ளான்ட்' தொழிற்சாலையாகவும் இருக்கும், 'யீல்டு' விளைச்சலாகவும் இருக்கும், விட்டுக்கொடுப்பதாகவும் இருக்கும். வாக்கியம் கொஞ்சம் கோணலாகத் தெரிந்தால் அதிலுள்ள எளிய சொல்லைச் சந்தேகியுங்கள்.

அகர வரிசைப் பட்டியலை மனப்பாடம் செய்கிறீர்களா? நிறுத்திவிடுங்கள். ஒரே எழுத்தில் தொடங்கும், ஒன்றுபோல ஒலிக்கும் இருபது சொல்லை ஒரே நாளில் படித்தால் ஒன்றோடொன்று குழம்பும். உங்களுக்கு வேண்டிய பட்டியல் நீங்கள் திருத்திய தாளிலேயே இருக்கிறது. ஒவ்வொரு சரியான விடைக்கும், பாசேஜ் அதை எந்தச் சொல்லில் சொன்னது, கேள்வி எந்தச் சொல்லில் கேட்டது என்று ஜோடியாக எழுதுங்கள். பாசேஜில் 'ஸ்கார்ஸ்', கேள்வியில் 'லிட்டில் அவெய்லபிள்'. பாசேஜில் 'லெட் டு', கேள்வியில் 'காஸ்டு'. இந்தத் தேர்வு முழுக்கவே இப்படி ஒன்றை வேறு சொல்லில் திருப்பிக் கேட்பதுதான். பத்துத் தாளுக்கு ஜோடி எழுதி முடித்தவருக்குக் கடையில் விற்கும் எந்தப் பட்டியலும் தேவைப்படாது என்பது என் கட்சி.

திரும்பப் பார்ப்பதே இல்லையா? எழுதிய நோட்டைத் திறக்காவிட்டால் எந்த முறையும் வேலை செய்யாது. மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம், இரண்டு வாரம் என்று இடைவெளியை விட்டு விட்டுப் பாருங்கள். ஆன்கி போன்ற, சொல் அட்டைகளைத் திரும்பத் திரும்பக் காட்டும் செயலி இந்தக் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும். அட்டையின் முன்பக்கம் சொல்லை மட்டும் எழுதாமல், அது வந்த வாக்கியத்தை அந்த இடத்தைக் காலியாக விட்டு எழுதுங்கள். பின்பக்கம் சொல்லும், அதன் தமிழ் அர்த்தமும். பார்த்து "ஆமா, தெரியும்" என்று தலையாட்டுவது கணக்கில்லை, மறைத்துவைத்துச் சொல்லிப் பார்க்க வேண்டும். நாளைக்குப் பத்துப் புதுச் சொல் போதும். ஐம்பது என்று ஆரம்பிப்பவர்கள் ஒரு வாரத்தில் ஓய்ந்துவிடுகிறார்கள்.

அகாடமிக் வேர்டு லிஸ்ட் படிக்கலாமா? படிக்கலாம், நேரம் பார்த்து. நியூசிலாந்தின் வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஏவரில் காக்ஸ்ஹெட் தொகுத்து 2000-இல் வெளியிட்ட பட்டியல் அது. 570 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் சொற்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்), பத்துப் பிரிவுகள், அடிக்கடி வருபவை முதல் பிரிவில். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, யாரும் காசுக்கு விற்றால் வாங்காதீர்கள். ஆனால் ஆங்கிலத்தின் அடிப்படையான 2,000 சொற்குடும்பங்கள் ஏற்கெனவே தெரியும் என்று வைத்துக்கொண்டு, அவற்றை விலக்கிவிட்டுத் தொகுத்தது. அந்த அடித்தளம் இல்லாமல் இதைப் படித்தால் சொல் தெரியும், அதைச் சுற்றியுள்ள வாக்கியம் தெரியாது.

அடிப்படையே ஆட்டம் காண்கிறது. இதுதான் செலவு அதிகமான காரணம். 300 சொல்லில் பதினைந்துக்கு மேல் அடிக்கோடு விழுந்தவர்கள் மாக் டெஸ்ட்டை முழுசாக நிறுத்திவிட்டு, எளிய ஆங்கிலத்தில் எழுதிய நூல்களை நிறையப் படிக்க வேண்டும். தமிழ் வழியில் படித்து வந்த பலர் இந்தக் கட்டத்தைத் தாண்டி 7 வாங்கியிருக்கிறார்கள், ஆனால் ஆறு வாரத்தில் இல்லை. தேர்வுக் கட்டணம் கட்டியிருந்தால் தேதியைத் தள்ளிவைக்க முடியுமா என்று இப்போதே விசாரியுங்கள்.

## அறிகுறி 6: சொல் எல்லாம் தெரியும், வாக்கியம் புரியவில்லை

நீள வாக்கியத்தில் முக்கியமான வினை எது என்று பிடிபடாததுதான் இங்கே கோளாறு. "த மெத்தட் யூஸ்டு பை ஃபார்மர்ஸ் இன் த வேலி ஃபெயில்டு" என்ற வரியில் வினை 'ஃபெயில்டு'. விவசாயிகள் பயன்படுத்திய முறை தோற்றது. 'யூஸ்டு' என்பதிலேயே வாக்கியம் முடிந்ததாக எடுத்துக்கொண்டால் கடைசிச் சொல் அந்தரத்தில் தொங்கும்.

சோதனை: குழப்பமான ஐந்து வாக்கியத்தை எடுத்து, யார் அல்லது எது, என்ன செய்தது என்று மட்டும் எழுதுங்கள். ஐந்தில் நான்கு சரியென்றால் பழக்கக் குறைவுதான். தினம் ஐந்து வாக்கியம், இரண்டு மூன்று வாரம் போதும். காற்புள்ளிகளுக்கு நடுவில் செருகியதை முதல் சுற்றில் தாண்டிப் படிக்கப் பழகுங்கள். 'திஸ்', 'தீஸ்', 'த லேட்டர்' என்று வரும் இடத்திலெல்லாம் எதைச் சொல்கிறது என்று பின்னோக்கி அம்புக்குறி போடுங்கள். 'ஹார்ட்லி', 'ஃபார் ஃப்ரம்', 'ஃபெயில் டு' போன்றவை 'நாட்' இல்லாமலே எதிர்மறையாக்குபவை, அவற்றுக்குத் தனி நிறம்.

ஐந்தில் இரண்டோ அதற்கு மேலோ தப்பு என்றால் இலக்கணம் தெரிந்த ஒருவரோடு உட்கார வேண்டிய நேரம் வந்துவிட்டது.

## அறிகுறி 7: வீட்டில் 32 மார்க், தேர்வில் பேண்ட் 6

முன்பே போட்ட தாளை மறுபடி போட்டு வந்த 32 ஆக இருக்கலாம். ஏதோ ஒரு செயலியில் கிடைத்த சுலபமான தாளாக இருக்கலாம். நடுவில் போன் எடுத்திருக்கலாம். இதுவரை பார்க்காத, அதிகாரபூர்வமான, ஒரே மூச்சில் போட்ட கடைசி மூன்று தாளின் மார்க் மட்டுமே உண்மையான மார்க்.

அதுவும் 32 என்றால் திரையைக் கவனியுங்கள். கணினித் தேர்வில் பாசேஜ் ஒரு பக்கம், கேள்வி ஒரு பக்கம் நிற்கும், கோடிடுவதும் மௌஸால்தான். தாளில் மட்டும் பழகியவர் அங்கே தடுமாறுவார். அதிகாரபூர்வ இணையதளத்தில் இலவச கணினி மாதிரி இருக்கிறது, அதில் இரண்டு முறையாவது உட்காருங்கள். அதோடு, லிசனிங் முடிந்ததும் இடைவேளை இல்லாமல் ரீடிங் வரும் என்பதால் வீட்டிலும் இரண்டையும் சேர்த்தே போட்டுப் பாருங்கள்.

## எப்போது ஆள் தேட வேண்டும்

வரி தவறுகிறது, அரை மணி நேரத்தில் தலை வலிக்கிறது, எழுத்து மங்குகிறது என்றால் முதலில் கண் மருத்துவர். கோச்சிங் கட்டணத்தோடு ஒப்பிட்டால் கண் சோதனை ஒன்றுமே இல்லை. டிஸ்லெக்சியா போன்ற கற்றல் சிரமம் இருந்தால், மருத்துவச் சான்றோடு தேர்வு மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்துக் கூடுதல் நேரம் கேட்க வழி உண்டு. பதிவு செய்வதற்கு முன்பே கேளுங்கள்.

ஆறு வாரம் ஒழுங்காக உழைத்தும் கடிகாரம் இல்லாமல் போடும் மார்க் அசையவில்லை என்றால் ஆசிரியர் தேவை. மூன்று மாத பேட்ச் எல்லாம் வேண்டியதில்லை. உங்கள் தப்பான விடைகளை எடுத்துவைத்துப் பேசும் இரண்டு மூன்று அமர்வு போதும். சேரும் முன் ஒரே கேள்வி: "என் பழைய தாளைப் பார்ப்பீர்களா?" பார்க்காமலே ட்ரிக்ஸ் சொல்கிற இடத்தையும், பேண்டுக்கு உத்தரவாதம் தருகிற இடத்தையும் விட்டு வெளியே வந்துவிடுங்கள். வினாத்தாள் முன்னாடியே கிடைக்கும் என்று யாராவது சொன்னால் எண்ணைத் தடுத்துவிடுங்கள்.

நர்ஸுகளுக்கு இன்னொரு கதவு ஓஇடி, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு. பிரிட்டனின் நர்ஸிங் பதிவு அமைப்பு அதையும் ஏற்கிறது. அதன் பாசேஜுகள் முழுக்க மருத்துவம் சார்ந்தவை. பொதுவான பாசேஜில் 6.5-லேயே நிற்பவர்கள் ஒரு மாதிரித் தாளைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். கட்டணம் அதிகம் என்பதால் பார்க்காமல் தாவ வேண்டாம்.

ரிசல்ட் வந்த பிறகு மறுமதிப்பீடு கேட்கத் தேர்வு நாளிலிருந்து ஆறு வாரம் வரை அவகாசம் உண்டு. மார்க் மாறினால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் ரீடிங் விடைகள் சரி, தப்பு என்று நேராகத் திருத்தப்படுபவை, அதில் பெரிதாக மாற்றம் வராது. ரீடிங் மட்டும் அரை பேண்ட் குறைந்து மற்ற மூன்றும் சரியாக இருந்தால், கணினியில் எழுதியவர்கள் 60 நாளுக்குள் அந்த ஒன்றை மட்டும் திரும்ப எழுதும் வசதியைப் பார்க்கலாம். அந்தச் சான்றிதழை எல்லா இடத்திலும் ஏற்பதில்லை. நீங்கள் விண்ணப்பிக்கும் கல்லூரிக்கோ அமைப்புக்கோ முதலில் ஒரு மின்னஞ்சல் போட்டு, பதில் வந்த பிறகு பணம் கட்டுங்கள்.